ஓலமிடாத நோயாளி

கப்பல்துறை என்னும் பெயரைக் கேட்கும் வெளியூர் அன்பர்கள், எமது ஊரில் வீட்டு வாயிலில் நின்றாலே கப்பல்களைக் கண்டுவிடலாம் என எண்ணிக்கொள்வதுண்டு. உண்மை அதுவன்று. திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதி வழியாகப் புறப்படுவோர், துறைமுகத்தின் காட்சி மறைந்து சிறிது தொலைவு சென்ற பின்னரே எமது ஊரை அடைவர். பெயரிலே கப்பல் இருப்பினும், எம்மவர் நாள்தோறும் காண்பது வேலிகளையும் மரங்களையும் வீதியில் விரையும் வாகனங்களையுமே.

இரவு வேளைகளில் அவ்வீதியால் நோயாளர் வண்டியொன்று ஊதொலி எழுப்பிக்கொண்டு செல்வதை ஊரவர் கேட்பர். பாயிற் படுத்திருக்கும் ஆச்சிமார் எழுந்திருந்து, “யார் பெற்ற பிள்ளையோ, ஆண்டவனே காப்பாற்று” என்று கும்பிட்டுவிட்டு மீண்டும் படுத்துக்கொள்வர். அத்தகைய வண்டிகளினுள்ளே நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து செல்வோருள் நாமும் ஒருவர்.

அவசர மருத்துவ உதவியாளர் என்பது எமது பதவியின் பெயர். நாம் வைத்தியரல்லர், தாதியருமல்லர். நோயாளி வீழ்ந்த இடத்துக்கும் வைத்தியசாலை வாயிலுக்கும் இடையே உள்ள வழிதான் எமது பணிக்களம். அவ்வழியில் உயிர் பிரியாது காப்பதே எமது கடன்.

திருமண வீடுகளிலும் கோயில் வீதியிலும் எம்மைக் காண்போர் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இவ்வளவு இரத்தத்தையும் பார்க்கிறீர்களே, பயமில்லையா?” என்பர். இரத்தம் எம்மை அச்சுறுத்துவதில்லை. பீறிடும் இரத்தம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஓலமும் அவ்வாறே. “ஐயோ, அம்மா!” என்று அலறுபவரின் நெஞ்சில் மூச்சு இருக்கிறது, மூளையில் உணர்வு இருக்கிறது என்பதற்கு அவ்வலறலே சாட்சி. எமக்கு அச்சந் தருபவர், ஒரு மூலையில் ஒதுங்கியிருந்து “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்பவரே. இக்கட்டுரை அவரைப் பற்றியது.

விடியட்டும் என்றார் தந்தையார்

இப்பணிக்கு நாம் வந்த கதையைச் சொல்லாது மேலே செல்வது முறையாகாது. 2007ஆம் ஆண்டு மாரிகாலம். எமக்கு அப்போது வயது பதினான்கு. எமது தந்தையார் மேசன் தொழில் செய்தவர். காய்ச்சலென்று ஒருநாளேனும் படுத்தறியாதவர். ஓர் இரவு, உணவின் பின் விறாந்தையிற் கதிரையில் அமர்ந்தவர் நெடுநேரம் எழவில்லை. மேல்வயிறு இறுக்குகிறது என்றார். இடது தோள் உளைகிறது என்றார். மழைக்குளிரிலும் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டும்படி வியர்த்திருந்தது.

அம்மா இஞ்சியும் உள்ளியும் இடித்துக் கொடுத்தார். அயல்வீட்டு மாமா சோடாப் போத்தலொன்று கொண்டுவந்தார். “வாய்வுதான். விடியட்டும், முதல் பஸ்ஸிலே ஆஸ்பத்திரிக்குப் போவம்” என்று தந்தையார் சொன்னார். அது போர்க்காலம். இரவிலே வீதியில் இறங்க அஞ்சாதார் அரியர். ஆயினும் உண்மையை உள்ளவாறு சொல்வதாயின், அன்றிரவு எம்மைத் தடுத்தது போர் மட்டுமன்று. அவர் அலறவில்லை, ஆதலால் நாம் அஞ்சவில்லை. அவர் சத்தமின்றி இருந்ததை வலி தணிந்ததற்கு அடையாளமாகக் கொண்டு, நாமும் உறங்கிப்போனோம். முதல் பஸ் வரும் வேளையில் அவரை எழுப்பச் சென்ற அம்மாவின் குரலே எம்மை எழுப்பியது.

அவர் சொன்னவை யாவும் மாரடைப்பின் குறிகள் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னர், பயிற்சி வகுப்பிலே அறிந்தோம். மேல்வயிற்று இறுக்கம், தோளுக்கும் தாடைக்கும் பரவும் உளைவு, குளிர்ந்த வியர்வை என ஆசிரியர் ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதிக்கொண்டே போனார். எம்மோடிருந்த மாணாக்கர் அவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டனர். நாம் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டோம். அவை எமக்குப் புதியவையல்ல. எமது வீட்டு விறாந்தையில் ஒருமுறை கேட்டவையே.

ஆண்டாயிருந்த இலக்கம்

1990 என்னும் இலக்கம் எம்மூர் முதியவர்க்கு முன்னர் வேறொன்றையே நினைவூட்டி வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது, திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து மக்கள் வீடுவாசல்களைத் துறந்து ஓடினர். இன்று அதே இலக்கம், சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த உதவி இலக்கமாக மாறியிருக்கிறது.

‘சுவசெரிய’ என்னும் இலவச நோயாளர் வண்டிச் சேவை, இந்திய அரசின் நன்கொடையாகக் கிடைத்த 88 வண்டிகளுடன் 2016 ஜூலை மாதத்தில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிற்று. 2018இல் அதற்கெனத் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. அவ்வாண்டு ஜூலை 21ஆந் திகதி யாழ்ப்பாணத்திலே வடமாகாணத்துக்கான தொடக்கவிழா நிகழ்ந்தது. மேலும் 209 வண்டிகள் சேர்க்கப்பெற்று, சேவை படிப்படியாக நாடெங்கும் பரவி எமது கிழக்கு மாகாணத்தையும் அடைந்தது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பேசி வண்டியை அழைக்கலாம். கட்டணம் எதுவுமில்லை.

மும்மொழி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருகோணமலை மூவினத்தவரும் கலந்து வாழும் நிலம். ஒரே இரவில் ஒரு தமிழர் வீட்டுக்கும், ஒரு முஸ்லிம் வீட்டுக்கும், ஒரு சிங்களவர் வீட்டுக்கும் நாம் சென்றதுண்டு. எவ்வீட்டிலும் வலி மிகும்போது நோயாளி அழைப்பது ஒருவரையே. ஒருவர் ‘அம்மா’ என்பார். ஒருவர் ‘உம்மா’ என்பார். ஒருவர் ‘அம்மே’ என்பார். அதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

ஒரு தந்தையின் துயர்

இத்தகைய சேவை உலகிலே நெடுங்காலமாக இருந்துவந்தது என எண்ணிவிடலாகாது. அமெரிக்க நாட்டிலேகூட, 1960ஆம் ஆண்டுகளில் பல ஊர்களில் நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவை மரணச் சடங்கு நடத்துவோரின் பிரேத வண்டிகள் என்றால் வாசகர்கள் வியப்படைவர். ஆளைக் கிடத்தக்கூடிய நீண்ட வண்டி அவர்களிடமே இருந்தது. வழியில் நோயாளியைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவர் பெரும்பாலும் இருந்ததில்லை.

பிட்ஸ்பர்க் நகரிலே பீற்றர் சாஃபர் என்றொரு வைத்தியர் இருந்தார். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டியவர்களுள் அவரும் ஒருவர். அத்தகையவரின் மகளே 1966இல் ஆஸ்துமா என்னும் தொய்வு நோயினால் மரணமானாள். அடுத்த ஆண்டில் அந்நகரிலே ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்னும் நோயாளர் வண்டிச் சேவை உருவானபோது, அதற்கான பயிற்சியை வகுத்தளித்தவர் அவரே. வேலை வாய்ப்பின்றி இருந்த கறுப்பின இளைஞர்களே அதிற் பெரும்பாலும் சேர்ந்தனர். பள்ளிப் படிப்பை முடிக்காதோரும் அவர்களுள் இருந்தனர். முறையாகப் பயின்ற அவர்கள் வழியிலேயே உயிர்களைக் காத்தனர். பின்னர் அந்நாடு முழுவதும் பின்பற்றிய முறைக்கு முன்னோடிகளாயினர். சாஃபரின் கதையை முதன்முதல் வாசித்த நாளில் எமது தந்தையாரின் கதிரையே எம் கண்முன் நின்றது. இழந்தவரை மீட்க முடியாது. ஆனால் அடுத்த வீட்டவர் இழவாதிருக்கும்படி ஏதேனும் செய்யலாம்.

முதலிற் கண், பின்னர் கை

எமது பணியிலே முதன்மையானது யாதெனில், ஓடிச்சென்று தொடுவதன்று, நின்று பார்ப்பது. வண்டியால் இறங்கியதும் நாம் ஒரு கணம் நிற்போம். அப்போது உறவினர், “என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறியள்?” என்று சினப்பர். அவர்கள் சினத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அந்த ஒரு கணத்திலேதான் அறுந்து கிடக்கும் மின்கம்பியும், வீதியின் வளைவில் வரும் லொறியும் எமது கண்ணிற் படும்.

கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள்ளே இறக்கி இயக்கினால், அதன் புகையிலுள்ள நச்சுவாயு அடியிலே தங்கிவிடும். இறங்கிய ஒருவர் மயங்கி வீழ்வார். அவரை மீட்கத் தம்பி இறங்குவார். தம்பியை மீட்க மைத்துனர் இறங்குவார். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அன்பினாலே இறங்கியவர் யாவரும் ஒரே கிணற்றில் மாண்ட செய்திகளை நாம் பத்திரிகைகளிற் படித்ததில்லையா? மீட்கச் செல்பவர் முதலில் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது தன்னலம் அன்று. அதுவே மீட்பின் முதற் படி.

இடம் பாதுகாப்பானது எனக் கண்ட பின்னர் நாம் பார்ப்பவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தோளைத் தட்டி அழைத்தால் விழிக்கிறாரா? வாயும் தொண்டையும் அடைபடாது இருக்கின்றனவா? மூச்சு வருகிறதா? நாடி எவ்வாறு ஓடுகிறது? உடலின் நிறமும் சூடும் எவ்வாறு உள்ளன? வளர்ந்தவர் ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். நாடி 60 முதல் 100 வரை துடிக்கும். இக்கணக்கை மிஞ்சினாலும் குறைந்தாலும் உள்ளே ஏதோ நடக்கிறது என்பது பொருள். உணர்வின் அளவைக் கணிக்கக் கிளாஸ்கோ நகர வைத்தியர் இருவர் 1974இல் வகுத்த அளவுகோல் ஒன்றும் உண்டு. கண் திறத்தல், பேசுதல், அசைதல் ஆகிய மூன்றுக்கும் புள்ளியிடுவர். முழு உணர்வுக்கு 15. ஆகக் குறைந்தது 3.

இவ்வொழுங்கு எதற்கு? ஓலத்தின் பின்னே ஓடும் மனத்துக்குக் கடிவாளம் இடுவதற்கே. கடிவாளம் இடத் தவறிய நாளொன்றும் எமக்கு உண்டு.

மரத்தடியில் இருந்த பெரியவர்

பணியிற் சேர்ந்த முதலாண்டிலே, ஒரு பிற்பகல் ஓட்டோ ஒன்று வீதியோரம் கவிழ்ந்துவிட்டதென அழைப்பு வந்தது. நாம் சென்றபோது பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கால் முறிந்து துடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய தாயார் சேலையெல்லாம் இரத்தமாக நின்று கதறினார். கூடியிருந்தோர் யாவரும் அவர்களையே சுட்டிக் காட்டினர். நாமும் அங்கேயே முழந்தாளிட்டோம். காலுக்கு மட்டை வைத்துக் கட்டினோம். தாயின் நெற்றிக் காயத்தைத் துணியால் அழுத்தினோம்.

வீதியோர மரத்தடியில் முதியவர் ஒருவர் சாய்ந்திருந்தார். சிறுவனின் பாட்டனார். “எனக்கு ஒன்றுமில்லைத் தம்பி, பிள்ளையைப் பாருங்கோ” என்றார். அவர் சொல்லை நாம் அப்படியே நம்பினோம். அவரை வந்து பார்க்கச் சொன்னவர் எமது சாரதியே. “அந்த ஐயாவின் உதட்டைப் பாருங்கோ. வெளிறிப்போச்சு” என்று காதோடு சொன்னார்.

ஓடிச்சென்று கையைப் பிடித்தோம். தோல் குளிர்ந்து ஈரமாக இருந்தது. நாடி 130ஐத் தாண்டி நூலிழைபோல் ஓடியது. இடது விலாவின் கீழ் தொட்டபோது முகம் சுளித்தார். வயிறு பலகைபோல் இறுகியிருந்தது. வெளியே ஒரு துளி இரத்தமும் இல்லை. சிந்திய இரத்தமெல்லாம் வயிற்றினுள்ளே தேங்கிக்கொண்டிருந்தது. இதற்கு வீதியிற் செய்யத்தக்க மருத்துவம் இல்லை; அறுவைச் சிகிச்சைக் கூடமே மருந்து. அவரைக் கிடத்தி, போர்வையால் மூடி, ஒட்சிசன் கொடுத்து விரைந்தோம். சிறுவனையும் தாயாரையும் மற்றொரு வண்டி ஏற்றி வந்தது. பெரியவரின் மண்ணீரல் கிழிந்திருந்ததென வைத்தியர்கள் பின்னர் கூறினர்.

அவர் பிழைத்தார். ஆயினும் நாம் வீணாக்கிய அந்த ஏழெட்டு நிமிடங்கள் எம்முடையவை. வேறெவரும் அதற்குப் பொறுப்பல்லர். அன்று முதல், பலர் காயமுற்ற இடத்துக்குச் சென்றால், அலறுபவரைக் கண்ணாற் பார்த்துவிட்டு அலறாதவரிடமே முதலிற் செல்கிறோம். எமது சாரதி அதைப்பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

பாயிற் படுத்த பிள்ளை

பின்னொரு நாள், விடியற்புறம் நான்கு மணியிருக்கும். எட்டு வயதுச் சிறுமிக்கு வயிற்றுவலி என்றே அழைப்பு வந்தது. இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தாயார் நினைத்திருந்தார். ஓமத்தண்ணீர் பருக்கியிருந்தார். பிள்ளை அழவில்லை, நித்திரைக் கலக்கம்போல் இமைகள் பாதி மூடியிருந்தன. “கண்ணைத் திற, பிள்ளை” என்றோம். அவள் முயன்றாள், இமைகள் எழவில்லை. நெற்றியைச் சுருக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து எம்மைப் பார்க்க முனைந்தாள்.

அந்த ஒரு பார்வையே போதுமாயிருந்தது. “பிள்ளை எங்கே படுத்தவள்?” என்று கேட்டோம். நிலத்திற் பாய் விரித்து என்றனர். உடலெங்கும் விளக்கொளியில் தேடியும் கடிவாய் தெளிவாகத் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. கட்டுவிரியனின் குணம் அது. இரவிலே வீட்டினுள் ஊர்ந்து வந்து, நிலத்தில் உறங்குபவரைக் கடித்துவிட்டுப் போகும். கடி பெரும்பாலும் உறைப்பதில்லை. நெல்வயற் கரையிற் கடிக்கும் புடையனின் நஞ்சு வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கித் தன்னை வெளிப்படுத்தும். கட்டுவிரியனின் நஞ்சோ நரம்புக்கும் தசைக்கும் இடையிலுள்ள தொடர்பைச் சத்தமின்றி அறுக்கும். முதலில் இமை விழும். பின்னர் விழுங்க முடியாது. இறுதியில் மூச்சுத் தசைகள் ஓயும்.

பாம்பு கடித்ததென எவரும் கண்டிலர். ஆயினும் ஐயம் ஒன்றே போதும். கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கேடு பயப்பன. அசையாது கிடத்துவதும் விரைந்து கொண்டுசெல்வதுமே வழி. வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் முன்னறிவித்தோம். பாதி வழியிலே பிள்ளையின் மூச்சு மேலோட்டமாயிற்று. முகமூடி பொருத்திய காற்றுப்பையைப் பிசைந்து, அவளுடைய நெஞ்சு எழுந்து தாழ்வதைப் பார்த்தபடியே மிகுதி வழியைக் கடந்தோம். நஞ்செதிர் மருந்தும் மூச்சுக் கருவியும் அவளைக் காத்தன. ஒரு மணிநேரம் பிந்தியிருப்பின், வயிற்றுவலி வந்த பிள்ளை உறக்கத்திலேயே போய்விட்டாள் என்று ஊர் பேசியிருக்கும்.

அந்தப் பத்து நிமிடங்கள்

வண்டி எத்துணை விரைந்து வரினும் வழியிலே நிமிடங்கள் கழியவே செய்யும். அந்நிமிடங்கள் எம்முடையவையல்ல. வீட்டவருக்கும் அயலவருக்குமே உரியவை. ஆகவே தாய்மாரும் மாணவ மாணவியரும் சிலவற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று.

அழைக்கும்போது ஊரையும், அருகிலுள்ள கோயிலையோ பள்ளிவாசலையோ பாடசாலையையோ சொல்லுங்கள். எதிரே பேசுபவர் சொல்லுமுன் தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். வண்டி வரும்வரை செய்யவேண்டியதை அவர் சொல்லித்தருவார். ஒருவரை ரோச் லைட்டுடன் சந்திக்கு அனுப்புங்கள். இருட்டிலே ஒழுங்கைகளில் வீடு தேடி வீணாகும் நேரத்தை அவ்வொளி மீட்டுத்தரும்.

அழைத்தும் விழியாதவர் இயல்பாக மூச்சு விடுகிறாராயின், அவரை ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். நாக்கும் வாந்தியும் தொண்டையை அடையா. அவர் வாயில் நீரோ கோப்பியோ ஊற்றலாகாது. மூச்சு இல்லையாயின், அல்லது இடைக்கிடை திணறல் மட்டுமே காணப்படின், நெஞ்சின் நடுவிலே இரு கைகளையும் ஒன்றன்மேலொன்று வைத்து, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். இதயம் நின்றபின் சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கும். பிழையாகச் செய்துவிடுவோமோ என்று அஞ்சி நிற்பதே பெரும் பிழை.

முகம் ஒருபக்கம் கோணியவரை, சிரிக்கச் சொல்லுங்கள். இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு வசனம் பேசச் சொல்லுங்கள். ஒன்று பிசகினும் அது பாரிசவாதமாயிருக்கலாம். இறுதியாக அவர் எத்தனை மணிக்கு நலமாக இருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து, தக்கவருக்கு நாலரை மணிநேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது.

சந்தியிலே தள்ளாடுபவரெல்லாம் வெறியில் இருப்பவரல்லர். சலரோகத்துக்கு மருந்தெடுப்பவர் உணவைத் தவறவிட்டாலும் வியர்த்து, உளறி, தள்ளாடி வீழ்வார். விழுங்கும் உணர்வு இருக்குமாயின் சீனித் தண்ணீர் ஒரு குவளை அவரை எழுப்பிவிடும். வலிப்பு வந்தவரின் கையில் திறப்பைத் திணிப்பதாற் பயனில்லை. தலை மோதாமற் காத்து, வலிப்பு ஓய்ந்ததும் பக்கமாகச் சரித்துவிடுதலே போதும். தீப்புண்ணிற் பற்பசை பூசலாகாது. இருபது நிமிடம் ஓடும் நீரிற் பிடிக்கவேண்டும்.

கடலும் களப்பும் சூழ்ந்த மாவட்டத்தில் வாழும் நாம் இன்னுமொன்றையும் அறிந்திருக்க வேண்டும். நீரில் மூழ்குபவர் கதைகளில் வருவதுபோலக் கையசைத்துக் கூவுவது அரிது. மூச்சுக்கே வழியில்லாதவர் எவ்வாறு கூவுவார்? பெரும்பாலும் சத்தமின்றியே அமிழ்ந்துபோவார். 2021 நவம்பர் 23ஆந் திகதி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியிலே படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்த துயரை எமது மாவட்டம் மறவாது. நீரிலிருந்து எடுத்த பிள்ளையின் வயிற்றை அமுக்கி நீர் வெளியேற்ற முயல்வதில் நேரத்தைப் போக்கலாகாது. மூச்சில்லையாயின் உடனே மூச்சூட்டவேண்டும், நெஞ்சை அழுத்தவேண்டும்.

பிழையோ, மாமா?

அண்மையில் ஓர் இரவு, எமது வீட்டுக்கு அதிக தொலைவில் இல்லாத வீடொன்றுக்கே அழைப்பு வந்தது. அழைத்தவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. அவளுடைய அம்மம்மா கட்டிலில் இருந்தார். நெஞ்சுவலி உண்டா என்று கேட்டோம், இல்லையென்றார். “மாலையிலிருந்து ஒரு களைப்பு. விடியட்டும், பார்ப்பம் எண்டுதான் சொன்னனான். இவள்தான் கேளாமல் போன் எடுத்திட்டாள்” என்று எம்மிடமே குறைப்பட்டுக்கொண்டார். தாயாரும், “நித்திரையிலிருந்த உங்களை எழுப்பிப்போட்டாள்” என்று மன்னிப்புக் கேட்டார்.

அம்மம்மாவுக்குப் பல்லாண்டுச் சலரோகம். சலரோகம் முற்றியவர்க்கு நரம்புகள் மரத்துப்போவதால், நெஞ்சுவலி இன்றியே மாரடைப்பு வரலாம். பெண்களிடமும் முதியவரிடமும் களைப்பும் மூச்சுத்திணறலும் மட்டுமே குறிகளாகத் தோன்றுவதுண்டு. நெற்றியைத் தொட்டோம். குளிர்ந்த வியர்வை. பதினான்கு வயதிலே எமது தந்தையாரின் சட்டையிற் கண்ட அதே ஈரம். நாடி ஒழுங்கின்றி ஓடியது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்திருந்தது. அவரை ஒரடியும் நடக்கவிடாது தூக்கி வண்டியில் ஏற்றினோம். அது மாரடைப்பே என வைத்தியசாலையில் உறுதியாயிற்று. சில நாட்களின் பின் அவர் வீடு திரும்பினார்.

அன்றிரவு வண்டியின் கதவைச் சாத்தும்போது அச்சிறுமி எம்மை நெருங்கி, “நான் போன் எடுத்தது பிழையோ, மாமா?” என்று கேட்டாள். “இல்லைப் பிள்ளை, நீ செய்ததுதான் சரி” என்று மட்டும் சொல்ல முடிந்தது. மேலே பேசக் குரல் வரவில்லை. வண்டி புறப்பட்டபின் சாரதி கண்ணாடியில் எம்மை ஒருமுறை பார்த்தார். பின்னர் வீதியைப் பார்த்து ஓட்டலானார்.

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் பொறுமையே உருவான ஒருவர் இருப்பார். தம் நோயைச் சொன்னால் பிள்ளைகளின் உறக்கம் கெடும், காசு செலவாகும், அயலவர்க்குத் தொல்லையாகும் என்று வாய்மூடி இருப்பவர் அவர். அவருடைய முகத்தை ஒருமுறை ஊன்றிப் பாருங்கள். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். அவர் “விடியட்டும்” என்பாராயின், நீங்கள் விடியும்வரை காத்திராதீர்கள்.